மகப்பேறு வேண்டுவோரும் மருந்தின் அமானிதமும்

சீன தேசத்துக்குத் தூதராக அனுப்பப்பட்டு, வழியில் கப்பல் சிதைந்து, மாலத்தீவிலும் இலங்கையிலும் தங்கிய பின்னர், 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்னு பதூதா தமிழகக் கரையில் வந்து இறங்கினார். அரபு நூல்கள் மஅபர் என்று குறிக்கும் இந்நாட்டின் தலைநகராக அப்போது மதுரை விளங்கியது. அங்கு ஆட்சி புரிந்த சுல்தான் கியாசுத்தீன் தாமகானியும் இப்னு பதூதாவும் ஒரே வீட்டில் பெண் கொண்டவர்கள். நம் உறவுமுறையில் சகலர்கள். அந்தச் சுல்தானுக்கு யோகி ஒருவர் ஆண்மை பெருக்கும் மாத்திரைகள் செய்து கொடுத்தார் என்றும், அவற்றில் இரும்புத்தூள் சேர்ந்திருந்ததாகச் சொல்லப்பட்டது என்றும், சுல்தான் அவற்றை அளவுக்கு மிஞ்சி விழுங்கி நோயுற்றார் என்றும் இப்னு பதூதா தம் பயண நூலில் எழுதுகிறார். மதுரை திரும்பிய சுல்தான் அந்நோயிலிருந்து மீளவில்லை. அவ்வேளை ஊரில் கொள்ளைநோயும் பரவியிருந்தது. ஆகவே சாவுக்கு மாத்திரை மட்டுமே காரணம் என்று அறுதியிடுவதற்கில்லை.

அதே மதுரையில் இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. அவ்வூரில் மிகுதியாகக் கிடைத்த புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் எடுத்து நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு கழிந்தது, காய்ச்சல் நீங்கிற்று. அதனை இறைவனின் அருள் என்றே அவர் பதிவு செய்கிறார்.

ஒரே ஊர், இரு நோயாளிகள், இரண்டு நாட்டு மருந்துகள். ஒன்று மன்னனைச் சாய்த்தது. மற்றொன்றைக் குடித்த யாத்திரிகர் பிழைத்தார். மருந்து இன்ன நாட்டது, இன்ன தொன்மையது என்பதைக் கொண்டு அதன் நன்மை தீமையை முடிவு செய்ய இயலாது என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த பழைய சான்று இது.

இந்நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஓர் இளந்தம்பதியர் அண்மையில் எம்மைக் காண வந்தனர். மணமாகி ஏழாண்டுகள் ஆகியும் மகவில்லை. அவர்கள் கையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, சீன மூலிகை என்று சொல்லி விற்கப்பட்ட, உள்ளே இருப்பது இன்னதென்று எழுதப்படாத சூரணப் பொட்டலம். மற்றொன்று, ஸ்டெம் செல் ஊசி போட்டால் கருப்பை புதுப்பிக்கப்படும் என்று உறுதி கூறும் துண்டறிக்கை. நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டலாமா என்று கணவர் கேட்டார். மனைவி ஒன்றும் பேசவில்லை. அவர்களுக்கு நாம் அன்று சொன்னவற்றையும் சொல்லாமல் விட்டவற்றையும் ஒழுங்குபடுத்தி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீன மருந்தும் நம் முன்னோரும்

சீன மருத்துவம் நமக்குப் புதிதன்று. 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னுந் நதீம், தம் ஃபிஹ்ரிஸ்த் நூலில் ஒரு செய்தியைத் தருகிறார். சீனத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் பேரறிஞர் ராஸியிடம் ஏறத்தாழ ஓராண்டு தங்கி, ஐந்து திங்களில் அரபு கற்று, ஊர் திரும்புமுன் ஜாலினூஸின் 16 நூல்களையும் சுருக்கெழுத்தில் படியெடுத்துச் சென்றாராம். 1313ஆம் ஆண்டில் தப்ரீஸ் நகரில் அமைச்சர் ரஷீதுத்தீன் சீன மருத்துவ நூல்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தார். சீனத்திலோ முஸ்லிம்களின் மருந்து முறைகளைத் தொகுத்த ஹுய் ஹுய் யாவ் ஃபாங் என்னும் நூல் சீன மொழியில் உருவாயிற்று. அதன் 36 பாகங்களில் நான்கே இன்று எஞ்சியுள்ளன.

நம் நாட்டு மருந்துக் கடையிலும் இத்தொடர்பின் தடயம் கிடக்கிறது. பறங்கிப்பட்டை என்று நாம் வாங்குவது யூனானி ஹகீம்களின் சோப்சீனி. சீனத்துக் கட்டை என்பது அச்சொல்லின் பொருள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வணிகத்தின் வழியே அது இந்தியத் துறைமுகங்களில் பெருகியதால் தமிழில் பறங்கியரின் பெயர் ஒட்டிக்கொண்டது. இலவங்கப்பட்டையை ஹகீம்கள் தார்சீனி என்பர். அதுவும் சீன மரம் என்றே பொருள்படும். சித்த மரபில் போகரைச் சீனத்தோடு இணைத்துச் சொல்லும் கதைகள் உண்டு. மதுரைக்கு அருகே அழகர்மலையில் அடங்கியதாகக் கூறப்படும் இராமதேவர், மக்கா சென்று யாக்கோபு என்னும் பெயரோடு திரும்பினார் என்பதும் அம்மரபின் கூற்றே. இவற்றை வரலாறாகக் கொள்ளாவிடினும், மருந்தறிவு மதில் கட்டிக்கொண்டு வாழவில்லை என்னும் உண்மையை இவை உணர்த்துகின்றன.

மரபு எழுப்பும் வினா

ஆயினும், பல நாட்டார் போற்றினர் என்பதே ஒரு மருந்துக்குச் சான்றாகிவிடுமா? மதுரைச் சமவெளியின் வயல் வரப்பெங்கும் கிடக்கும் நெருஞ்சிலை எடுத்துக்கொள்வோம். நம் மருத்துவர்கள் அதனை நீரடைப்புக்கும் ஆண்மைக்கும் கொடுப்பர். சீன மருத்துவரோ அதே முள்ளைத் தலைவலிக்கும் கண் சிவப்புக்கும் வழங்குவர். ஒரே செடிக்கு இரு மரபுகள் இருவேறு பயன் கூறுகின்றன. நிலப்பனைக் கிழங்கில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன. சீனர் சியான்மாவ் என்று பெயரிட்டு ஆண்மைக் குறைவுக்கே அதனைக் கொடுக்கின்றனர். ஒன்றுபடும் இடத்திலும் வேறுபடும் இடத்திலும் மரபு நமக்குத் தருவது ஆராயத்தக்க ஒரு வினாவையே. விடையைச் சோதனைதான் தர வேண்டும்.

அவ்வாறு வினா விடையானதற்குப் பெரும் சான்று து யூயூ அம்மையாரின் பணி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹொங் என்பாரின் நூலில், ஒரு மூலிகையைக் கொதிக்க வைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியும் குறிப்பைக் கண்டார். சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் சாறு வடித்தார். 1970களின் தொடக்கத்தில் இவ்வாறு கிடைத்த ஆர்ட்டிமிசினின் மலேரியாவுக்கு மருந்தாயிற்று. 2015ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பழைய நூல் வழி காட்டியது. சோதனை அதனை மெய்ப்பித்தது.

மகப்பேற்றுத் துறையில் சீனர் தம் மரபையே துலாக்கோலில் இட்டுப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். சினைப்பை நீர்க்கட்டி என்று நம்மூரில் சொல்லப்படும் கோளாறு, கருமுட்டை முதிர்ந்து வெளிவருவதைத் தடுப்பது. சீனர் பயன்படுத்தும் ஹுவாங்லியான் என்னும் வேரிலும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்து நம் கடைகளுக்கு வரும் மரமஞ்சளிலும் பெர்பெரின் என்னும் ஒரே சத்து உள்ளது. இக்கோளாறுடைய 644 சீனப் பெண்களிடம் பெர்பெரினை லெட்ரசோல் என்னும் மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியாயிற்று. லெட்ரசோல் பெற்றோரில் நூற்றுக்கு 36 பேரும், இரண்டையும் சேர்த்துப் பெற்றோரில் 34 பேரும், பெர்பெரின் மட்டும் பெற்றோரில் 22 பேரும் குழந்தை ஈன்றனர். மூலிகைச் சத்தைச் சேர்த்ததால் கூடுதல் பயன் விளையவில்லை. அடுத்த ஆண்டு, 1,000 சீனப் பெண்களிடம் அக்குபங்சர் முறையைச் சோதித்த முடிவு வந்தது. மெய்யான ஊசிமுறைக்கு ஆட்பட்டோரில் 21.8 விழுக்காட்டினரும், ஒப்புக்குச் செய்த ஊசிமுறைக்கு ஆட்பட்டோரில் 22.4 விழுக்காட்டினரும் மகப்பேறு பெற்றனர். அதே ஆய்வில் குளோமிஃபீன் மாத்திரை அப்பேற்றை 15.4 விழுக்காட்டிலிருந்து 28.7 விழுக்காடாக உயர்த்தியது. தம் மரபுக்குப் பாதகமான முடிவையும் மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆய்வாளர்களின் நேர்மை பின்பற்றத்தக்கது.

நம் நாட்டிலும் முயற்சிகள் உண்டு. லக்னோ மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மகவில்லா ஆடவர் 75 பேருக்குப் பூனைக்காலி விதை கொடுத்து, விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் மேம்பட்டதாக 2009இல் எழுதினர். இது நம்பிக்கை தரும் செய்தியே. ஆனால் போலி மருந்து கொடுத்து ஒப்பிடப்பட்ட குழு அதில் இல்லை. மேலும், அணு எண்ணிக்கை கூடுவது வேறு, தொட்டிலில் குழந்தை கிடப்பது வேறு. மகப்பேற்று மருந்தை எடைபோட வேண்டியது இரண்டாவதைக் கொண்டே.

மூலிகைக்குப் பின்விளைவில்லை என்னும் மயக்கம்

பயனில்லாத மருந்து பணத்தையும் காலத்தையும் கொள்ளும். சில மருந்துகள் அதனினும் கொடியவை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை மாத்திரை உண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஆராய்ந்தபோது, ஃபாங் ஜி என்னும் பெயரொற்றுமையால் ஒரு வேருக்குப் பதில் வேறொரு வேர் சேர்ந்துவிட்டது தெரியவந்தது. அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்ததோடு, பின்னாளில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் விளைத்தது. இவ்வமிலம் நம் கரிசல் நிலத்தில் விளையும் ஆடுதீண்டாப்பாளையிலும் உண்டு. ஆடும் தீண்டாது என்று பெயரிலேயே எச்சரிக்கை வைத்த முன்னோர், அளவும் காலமும் அறிந்தோர் கையில்தான் அதனை ஒப்படைத்தனர்.

சுல்தானின் இரும்புத்தூளும் அத்தகையதே. அயச்செந்தூரம் முதலான இரும்பு மருந்துகள் சோகை நோய்க்குச் சித்த மருத்துவத்தில் வழங்குபவை. ஆங்கில மருத்துவமும் இரும்புச் சத்து மாத்திரை தருகிறது. அளவு மிஞ்சினால் இரும்பு குடலை அரிக்கும்; கல்லீரலைத் தாக்கும். உடலில் நெடுநாள் தேங்கினால் மூளையடிச் சுரப்பியைப் பழுதாக்கி, ஆண்மைச் சுரப்பையே குறைத்துவிடும். எதற்காக உண்டாரோ அதனையே இழக்கச் செய்யும்.

குருத்தணு என்பது யாது

இனித் துண்டறிக்கைக்கு வருவோம். வாழையின் குருத்திலிருந்து இலை விரிவது போல, வேறு வகை உயிரணுக்களாக மாறவும், தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளவும் வல்ல உயிரணுவே ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு. கருவின் தொடக்க நாட்களில் உள்ளவை எவ்வுறுப்பாகவும் மாறும். எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடி போன்றவற்றில் உள்ளவை சிலவாக மட்டுமே மாறும். 2006இல் ஜப்பானியரான யமனாக்கா எலியின் சாதாரண உயிரணுவைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் வழியைக் கண்டார்; அடுத்த ஆண்டே மனித உயிரணுவிலும் அது கைகூடியது.

இது மதுரைக்கு அயலான அறிவன்று. 1976இல் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வகத்தில், கருவிழி ஓரத்துக் குருத்தணுக்களைப் பற்றிய ஆராய்ச்சி பல்லாண்டு நடந்துள்ளது. அமிலம் பட்டோ சுண்ணாம்பு பட்டோ கருவிழி ஓரம் அழிந்தவருக்கு அவ்வணுக்களை மாற்றிப் பொருத்துவது உலகில் நிலைபெற்ற மருத்துவம். அங்கே அழிந்த அணு எது, அதன் இடம் எது, பொருத்தியபின் பார்வையில் நேரும் மாற்றம் யாது என்பன தெளிவாக அளக்கக்கூடியவை.

மகப்பேற்றில் நிலைமை அவ்வளவு தெளிவானதன்று. ஆய்வுகள் மூன்று திசைகளில் நடக்கின்றன. முதலாவது, கருப்பையின் உட்சுவர் தழும்பேறிக் கரு ஒட்டாத பெண்களுக்கு அவர்தம் எலும்பு மஜ்ஜையின் குருத்தணுக்களைச் செலுத்துவது. இம்முறையில் ஒரு பெண் சோதனைக்குழாய் வழியே கருத்தரித்ததை இந்திய மருத்துவர்கள் 2011இல் பதிவு செய்தனர். ஸ்பெயினில் 2016இல் 16 பெண்களிடம் முன்னோட்டம் நடந்தது. இரண்டாவது, காலத்துக்கு முன்பே ஓய்ந்த சினைப்பையைத் தூண்டுவது. சீனத்தின் நான்ஜிங் நகர மருத்துவமனை ஒன்றில், தொப்புள்கொடி அணுக்களைக் கொலாஜன் என்னும் புரதத்தோடு சேர்த்துச் செலுத்தப்பட்ட பெண்ணுக்கு 2018இல் குழந்தை பிறந்தது. இவையெல்லாம் மிகச் சிலரிடம் செய்த தொடக்கச் சோதனைகள். ஒப்பீட்டுக் குழுவின்றி, பிறந்த குழந்தை சிகிச்சையால் பிறந்ததா, இறையருளால் இயல்பாகவே பிறந்திருக்குமா என்று பிரித்தறிய இயலாது.

மூன்றாவது திசை, குருத்தணுவிலிருந்தே முட்டையும் விந்தும் ஆக்குவது. பெண் பிறக்கும்போதே அவள் முட்டைகளின் தொகை வரையறுக்கப்பட்டுவிட்டது என்பதே பழைய கொள்கை. சினைப்பையில் முட்டை ஈனும் குருத்தணு உண்டென்று 2004இல் அமெரிக்காவில் ஜோனதன் டில்லியும், எலியில் அவற்றைப் பிரித்தெடுத்துக் குட்டிகளும் பெற்றதாக 2009இல் ஷாங்காயில் வூ ஜியும் அறிவித்தனர். 2020இல் சுவீடன் ஆய்வாளர்கள் மனிதச் சினைப்பையின் அணுக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அத்தகைய அணுவைக் காணவில்லை என்றனர். ஜப்பானில் 2012இல் எலியின் குருத்தணுவிலிருந்து முட்டை உருவாகிக் குட்டியும் பிறந்தது. மனிதரில் இவ்வழியில் ஒரு குழந்தையும் இதுவரை பிறக்கவில்லை.

மூலிகையும் குருத்தணுவும் சந்திக்கும் இடமும் ஒன்றுண்டு. சீனர் ஆண்மைக்குக் கொடுக்கும் எப்பிமீடியம் என்னும் செடியின் இக்காரின் என்ற சத்து, ஆய்வகத் தட்டில் எலும்பு மஜ்ஜைக் குருத்தணுவைப் பெருகச் செய்வதைக் கண்டுள்ளனர். இது ஆராய்ச்சிக்குரிய நல்ல செய்தி. ஆயினும் தட்டில் வளரும் அணுவுக்கும் மேலூர்ப் பெண்ணின் கருப்பைக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. அத்தூரத்தைத் துண்டறிக்கை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறது.

சட்டமும் ஷரீஅத்தும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், குறிப்பிட்ட சில நோய்களுக்கான இரத்தக் குருத்தணு மாற்றம் ஒன்றையே வழக்கமான சிகிச்சையாக ஏற்றன. பிற யாவும் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்க வேண்டியவை. அவற்றைச் சிகிச்சை என்று சொல்லிப் பணம் பெறுவது நெறியன்று. 1954ஆம் ஆண்டின் மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் பெண்களின் மலட்டுத்தன்மையும் இடம்பெற்றுள்ளது. அதனைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்தல் குற்றம். 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், சோதனைக்குழாய் மருத்துவ மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. பெண்ணுக்கு 21 முதல் 50 வரையும் ஆணுக்கு 21 முதல் 55 வரையும் வயது வரம்பு குறித்தது.

அச்சட்டம் அயலார் கொடையாகத் தரும் முட்டையையும் விந்தையும் அனுமதிக்கிறது. நம் மார்க்க அறிஞர்களின் பெரும்பான்மை முடிவு இதில் வேறுபடுகிறது. 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹு அகாடமி, திருமண உறவு நிலைத்திருக்கையில் கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் இணைந்து அவளது கருப்பையிலேயே வளர்வதைத் தேவையின் பொருட்டு அனுமதித்தது. மூன்றாமவரின் பங்கை விலக்கியது. நஸப் என்னும் வம்ச உரிமை கலங்கலாகாது என்பதே அதன் அடிப்படை. ஈரானிய ஷியா அறிஞர் சிலர் கொடையை ஏற்றுள்ளனர். குருத்தணுவைப் பொறுத்தவரை, மக்காவின் ஃபிக்ஹு மன்றம் 2003இல், வளர்ந்தோர் உடல், தொப்புள்கொடி, தானாகச் சிதைந்த கரு, உரியோர் ஒப்புதலுடன் எஞ்சிய சோதனைக்குழாய்க் கரு ஆகியவற்றிலிருந்து பெறுவதை ஆகுமாக்கி, அதற்கென்றே கருவைக் கலைப்பதையும் உருவாக்குவதையும் தடுத்தது. ஆகவே நம்மவர் மருத்துவ மையத்தில் கையெழுத்திடுமுன், தம்மிடமிருந்து பெற்றவை தவிர வேறெதுவும் சேர்க்கப்படாது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுதல் கடமை.

சிகிச்சை தேடுவது விதியோடு மல்லாடுவதாகாதா என்று வினவுவோரும் உளர். எந்நோய்க்கும் நிவாரணியை இறைவன் இறக்கியுள்ளான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். முதுமையில் மகவு வேண்டி இறைஞ்சிய ஸகரிய்யா நபியின் ஏக்கத்தைத் திருமறை கண்ணியத்தோடு எடுத்துரைக்கிறது. சிலருக்குப் பெண்மக்களையும் சிலருக்கு ஆண்மக்களையும் அளித்து, சிலரை மகவற்றோராக்குபவனும் அவனே என்று கூறும் அதே மறை, மகவின்மையைக் குற்றமாகக் கூறவில்லை. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நபிமொழி அபூதாவூது முதலிய தொகுப்புகளில் உள்ளது. மருந்து ஓர் அமானிதம். கொடுப்பவர் அதற்குப் பொறுப்பாளி. உள்ளே என்ன என்று எழுதப்படாத பொட்டலத்துக்கு யார் பொறுப்பேற்பார்?

கேட்க வேண்டிய கேள்விகள்

வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் மகவின்மையைச் சந்திக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. அந்தத் தம்பதியர் தனியராக இல்லை. ஏழாண்டுகளில் மனைவிக்குப் பலமுறை பரிசோதனை நடந்திருந்தது; கணவருக்கு ஒருமுறையும் விந்துப் பரிசோதனை செய்யப்படவில்லை. மகவின்மையில் ஏறத்தாழ பாதிக்கு ஆணின் பங்கும் உண்டு. எளிதும் மலிவுமான அச்சோதனையை விடுத்து, பழி முழுவதையும் பெண்ணின் தலையில் ஏற்றுவது நம் குடும்பங்களில் நடந்துவரும் அநீதி.

ஆகவே நாம் அவர்களுக்குச் சொன்னது இதுவே. முதலில் இருவரும் சோதனை செய்துகொள்ளுங்கள். மூலிகை வேண்டுமாயின் பட்டம் பெற்ற சித்த மருத்துவரையோ யூனானி ஹகீமையோ நாடி, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். மற்ற மருத்துவரிடம் அதனை மறைக்காதீர்கள். கரு தரித்துவிட்டால் கேளாமல் தொடராதீர்கள். குருத்தணு ஊசி என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வின் எண் என்ன, நெறிமுறைக் குழு அனுமதித்ததா, எத்தனை பேருக்குச் செய்து எத்தனை பேர் குழந்தை ஈன்றனர், தீங்கு நேர்ந்தால் ஈடு செய்வது யார் என்று கேளுங்கள். விடையில்லாத இடத்தில் நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

புறப்படும்போது அந்தப் பெண் முதன்முறையாக வாய் திறந்து, அந்தப் பொட்டலத்தை என்ன செய்வது என்று கேட்டார். உண்ண வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள் என்றோம். அவர் அதனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, பரிசோதனைக்கு இருவரும் எப்போது போகலாம் என்று அவரையே கேட்டார். மதுரைச் சுல்தானின் அவையில் கேட்கப்படாமல் போன கேள்விகள், காலம் கடந்தாயினும் அந்த வீட்டில் கேட்கப்படத் தொடங்கின.